பதிவுக் கணினி: எதற்கு எது பொருந்தும்?

கண்காணிப்புக் கேமரா மாட்ட வருகிறவர் டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இல்லை. அந்தப் பெட்டிக்குள் இருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று அதைச் செய்த நிறுவனமே பார்த்து அனுப்பியிருக்கும். நான்கு கேமரா, ஒரு கடை, ஒரு வாரப் பதிவு போதும் என்றால் அதுவே சரி. அதற்குக் கணினி கட்டுவது வீண்செலவு. வெவ்வேறு நிறுவனக் கேமராக்களை ஒரே திரையில் பார்க்க வேண்டும், ஒரு மாதப் பதிவு இருக்க வேண்டும், நாய் ஓடினால் பேசாமல் இருந்து ஆள் வந்தால் மட்டும் போனுக்குச் செய்தி வர வேண்டும் என்று தேவை வளரும்போதுதான் கணினியைப் பற்றி யோசிக்க வேண்டும். புளூ ஐரிஸ், ஃப்ரிகேட், சோன்மைண்டர் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் பொருத்தம் பார்க்கும் வேலை அப்போது நம் தலையில் விழும்.

கடையில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, “ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?” கடைக்காரரும் சளைக்காமல் ஐ7 என்பார். கேள்வியே தப்பான முனையில் தொடங்குகிறது. பிராசஸர் கடைசியாக முடிவு செய்ய வேண்டிய பொருள். கேமரா விநாடிக்கு எவ்வளவு அனுப்புகிறது என்று தெரிந்தால் டிஸ்க் எது என்று தெரிந்துவிடும். அந்த வீடியோவில் எவ்வளவைக் கணினி விரித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பிராசஸரும், அதைத் தொடர்ந்து மதர்போர்டும் கரண்ட் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் முடிவாகிவிடும். கணக்குக்கு எட்டுக் கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிக்சல், 15 நாள் பதிவு என்று வைத்துக்கொள்வோம்.

கேமரா என்ன அனுப்புகிறது

கேமராவின் விவரத் தாளில் ஆர்டிஎஸ்பி, ஆன்விஃப் என்ற இரண்டு சொற்களைத் தேடுங்கள். முதலாவது, வீடியோவைக் கேமராவிலிருந்து வெளியே எடுக்கும் வழி. இரண்டாவது, வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய அமைப்பின் பொது விதி. ஆர்டிஎஸ்பி இருந்தால் ஆன்விஃப் இல்லாமலும் சமாளிக்கலாம். இரண்டுமே இல்லையென்றால் அந்தக் கேமரா உங்கள் கணினிக்கு ஆகாது. செல்போன் செயலியில் மட்டும் பார்க்கும் வைஃபை கேமராக்களில் பலவும், பேட்டரியில் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவையும் இந்த ரகம்தான். எவ்வளவு விலை கொடுத்துக் கணினி வாங்கினாலும் அவற்றிடமிருந்து படம் வராது.

சுவரெல்லாம் பழைய கோஆக்சியல் கேபிள் ஓடியிருக்கிறது, கேமராக்களும் நன்றாக இருக்கின்றன என்றால் அவற்றைக் கழற்றி எறிய வேண்டாம். முன்பெல்லாம் இதற்கு நான்கு சேனல் கேப்சர் கார்டு வாங்கிக் கணினிக்குள் சொருகுவார்கள். பிடி878 என்ற சில்லு வைத்த அந்தக் கார்டுகள் இன்னும் பழைய கடைகளில் கிடைக்கின்றன. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். அவை கேட்கும் பழைய பிசிஐ ஸ்லாட் இன்றைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் இல்லை. நான்கு கேமராவுக்கும் ஒரே சில்லு என்றால் விநாடிக்கு 25 படம் என்பதை நான்கும் பங்கு போட்டுக்கொள்ளும். இப்போதைய எச்டி அனலாக் கேமராக்களின் சிக்னலோ அதற்குப் புரியவே புரியாது. அதைவிட எளிய வழி, இருக்கிற டிவிஆரை அப்படியே வைத்துக்கொண்டு அதன் லேன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள் இழுப்பதுதான். ஓரளவு புதிய டிவிஆர்கள் பலவும் ஒவ்வொரு சேனலையும் தனித்தனி ஆர்டிஎஸ்பி முகவரியில் தரும். கணினியின் கண்ணுக்கு அவை எல்லாம் ஐபி கேமராக்களே.

அடுத்து, சுருக்கும் முறை. எச்.264 என்பது 2003-ல் வந்தது, எச்.265 என்பது 2013-ல் வந்தது. பிந்தையது ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும். அதன் பின்னால் ஒரு கூட்டல் குறியோ ‘ஸ்மார்ட்’ என்ற சொல்லோ ஒட்டிக்கொண்டு வரும் வகைகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அவை அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கைவேலை. முழுப்படம் அனுப்பும் இடைவெளியை அவை தம் இஷ்டத்துக்கு நீட்டிக்கொள்ளும். அதே நிறுவனத்தின் பெட்டியில் ஒழுங்காக ஓடும், வெளி மென்பொருளில் பதிவு தொடக்கத்தில் சில விநாடி வெட்டுப்படும், சில நேரம் உறைந்து நிற்கும். கணினியைக் குறை சொல்வதற்கு முன் கேமராவின் அமைப்புக்குள் போய் அந்தக் கூட்டல் குறியை அணைத்துப் பாருங்கள். முழுப்பட இடைவெளியையும் விநாடிக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

டிஸ்க்

எச்.265-ல் 4 மெகாபிக்சல் கேமராவுக்கு விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைக்கலாம். பிட்டைப் பைட் ஆக்க எட்டால் வகுக்க வேண்டும். விநாடிக்கு அரை மெகாபைட். ஒரு நாளின் 86,400 விநாடிக்கு 43.2 ஜிபி. எட்டுக் கேமராவுக்கு 345.6 ஜிபி. பதினைந்து நாளுக்கு 5,184 ஜிபி. கொஞ்சம் காலி இடமும் விட்டு 6 டிபி டிஸ்க் ஒன்று போதும். (அதைப் போட்டதும் விண்டோஸ் 5.45 என்று காட்டும். குறைந்துபோய்விட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். நிறுவனம் ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது.)

கொள்ளளவோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. நாளுக்கு 345.6 ஜிபி என்றால் ஆண்டுக்குச் சுமார் 126 டிபி எழுதப்படுகிறது. சீகேட் நிறுவனத்தின் சாதாரண பாரகூடா டிஸ்க்கின் விவரத் தாளைப் பாருங்கள். ஆண்டுக்கு 55 டிபி வேலை, 2,400 மணி நேர ஓட்டம் என்று அதிலேயே போட்டிருப்பார்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அலுவலக நேரம் மட்டும் ஓடச் செய்யப்பட்ட பொருளை இரவும் பகலும் ஓட்டிவிட்டு, ஒன்றரை வருடத்தில் போய்விட்டது என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. அதே நிறுவனத்தின் ஸ்கைஹாக், வெஸ்டர்ன் டிஜிட்டலின் பர்ப்பிள் ஆகியவை கண்காணிப்புக்கென்று வருபவை. அவற்றின் வழக்கமான வகை ஆண்டுக்கு 180 டிபி தாங்கும். 126 அதற்குள் அடங்குகிறது. கேமரா பதினொன்றைத் தாண்டினால் ஒரே டிஸ்க்கில் இந்த வரம்பும் உடையும். அப்போது பெரிய டிஸ்க் ஒன்றைவிடச் சிறிய டிஸ்க் இரண்டு வாங்கி, கேமராக்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிடுவதே நல்லது. ஒன்று போனால் மற்றதில் பாதிப் பதிவாவது மிஞ்சும். ஒரு டிஸ்க் போனாலும் பதிவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டும் ரெய்டு அமைப்பைப் பலர் பரிந்துரைப்பார்கள். பதினைந்து நாளில் தானாக அழியப்போகும் பதிவுக்கு அந்தச் செலவும் சிக்கலும் எனக்குத் தேவையாகத் தோன்றவில்லை.

எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கைத் தவிருங்கள். அதில் தடங்கள் கூரை ஓடுகள்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒன்றைத் திருத்தி எழுத அடுத்தடுத்ததையும் எழுத வேண்டும். பழையதை அழித்துக்கொண்டே எட்டு வீடியோவைப் புதிதாக எழுதும் வேலையில் அது மூச்சு வாங்கும். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வகையில் சிலவற்றை எஸ்எம்ஆர் என்று சொல்லாமலே விற்றுவந்தது 2020-ல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. அதற்குப் பிறகு நிறுவனங்கள் தங்கள் தாள்களில் சிஎம்ஆர் (தடங்கள் ஏறாதது), எஸ்எம்ஆர் என்று குறிப்பிடுகின்றன. மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். விண்டோஸ் அல்லது லினக்ஸுக்குச் சின்னதாகத் தனி எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். பதிவு ஓடும் டிஸ்க்கிலேயே அதையும் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்.

விரிக்கும் வேலை

கேமரா அனுப்பும் வீடியோவை அப்படியே டிஸ்க்கில் கொட்டுவதற்குப் பிராசஸருக்குப் பெரிய உழைப்பு இல்லை. பத்து வருடப் பழைய கணினியும் அதைச் செய்யும். உழைப்பெல்லாம் சுருக்கி வந்த வீடியோவை விரித்துப் படமாக்குவதில் இருக்கிறது. திரையில் காட்ட விரிக்க வேண்டும். அசைவு இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று பார்க்கவும் விரிக்க வேண்டும். எவ்வளவு என்று போட்டுப் பார்ப்போம். 2560-க்கு 1440 என்ற அளவில் ஒரு படத்தில் சுமார் 37 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு 15 படம், எட்டுக் கேமரா: விநாடிக்கு 44 கோடிப் புள்ளிகள். இதைக் கிராஃபிக்ஸ் உதவி இல்லாமல் பிராசஸரே விரித்தால் ஐ7-உம் அனலாகக் கொதிக்கும்.

ஐபி கேமராக்களில் பெரும்பாலானவை இரண்டு வீடியோ தருகின்றன. ஒன்று மெயின் ஸ்ட்ரீம், மற்றது சிறிய அளவில் வரும் சப் ஸ்ட்ரீம். சப் ஸ்ட்ரீமை 640-க்கு 360 அளவில் விநாடிக்கு 5 படம் என்று வைத்தால் எட்டுக் கேமராவுக்கும் சேர்த்து 92 லட்சம் புள்ளிகள்தான். முன்னதில் 48-ல் ஒரு பங்கு. மெயின் ஸ்ட்ரீமை விரிக்காமல் டிஸ்க்குக்கு அனுப்பி, சப் ஸ்ட்ரீமை மட்டும் விரித்து அசைவு பார்க்கும்படி மென்பொருளை அமைத்துவிட்டால் கணினியின் விலை சட்டென்று இறங்கும். புளூ ஐரிஸ், ஃப்ரிகேட் இரண்டிலும் இது உண்டு. ஐ7 வேண்டுமா என்ற கேள்வி பெரும்பாலும் இந்த ஒரு அமைப்போடு அடங்கிவிடும். சப் ஸ்ட்ரீம் இல்லாத கேமராவைப் புதிதாக வாங்காதீர்கள் என்பேன்.

மிச்சமிருக்கும் விரிப்பையும் பிராசஸரின் தலையில் கட்டாமல், இன்டெல் சில்லுக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியிடம் கொடுக்கலாம். குவிக் சிங்க் என்று பெயர். 2011-ல் வந்தது. எச்.265-ஐ விரிக்க ஆறாம் தலைமுறையாவது வேண்டும். ஏழாம் தலைமுறை முதல் அது முழுமையானது. இங்கே ஓர் எழுத்து பார்க்க வேண்டும்: மாடல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் பகுதி இல்லை. ஐ5-9400எஃப் கொஞ்சம் விலை குறைவாகக் கிடைக்கும். நம் வேலைக்கு அதைவிட முந்தைய தலைமுறை ஐ5-8500 மேல். ஏஎம்டியில் பழைய ரைசன்கள் பலவற்றில் ‘ஜி’ எழுத்து இருந்தால்தான் கிராஃபிக்ஸ் உண்டு. ஏஎம்டியும் விரிக்கும். ஆனால் பதிவு மென்பொருள்களில் இன்டெல் வழிதான் அதிகம் மிதிபட்டது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு எட்டுக் கேமராவுக்குத் தேவையில்லை. வேறு காரணத்துக்காக ஏற்கெனவே ஒன்று சொருகியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கார்டு இருப்பதைப் பார்த்ததும் பல மதர்போர்டுகள் உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில் போய் அதை மீண்டும் இயக்காவிட்டால் குவிக் சிங்க் இருந்தும் இல்லாத கதைதான்.

ஆளையும் நாயையும் பிரித்தறிய ஒரு காலத்தில் கூகிளின் கோரல் சில்லு எல்லோராலும் தேடப்பட்டது. 4 டாப்ஸ் வேகம், இரண்டு வாட் கரண்ட். நல்ல பொருள்தான். ஆனால் பொருத்தம் பார்க்காமல் வாங்கியவர்கள் அதிகம் முழித்ததும் இதில்தான். எம்.2 வடிவில் வரும் இரட்டைச் சில்லு வகைக்கு இரண்டு பிசிஐஇ பாதை வேண்டும். வைஃபை கார்டு சொருகும் அந்தச் சின்ன ஸ்லாட்டில் பல மதர்போர்டுகள் ஒரே பாதையைத்தான் இழுத்திருக்கும். இரண்டு சில்லுக்குக் காசு கொடுத்து ஒன்றைப் பயன்படுத்த வேண்டியதுதான். சில போர்டுகளில் அந்த ஸ்லாட் இன்டெலின் சொந்த வைஃபைக்கு மட்டுமே இணைக்கப்பட்டது. அதில் கோரல் கண்ணுக்கே தெரியாது. இன்று புதிதாகக் கட்டுகிறவர்கள் ஃப்ரிகேட்டில் ஓபன்வினோ என்ற இன்டெல் மென்பொருள் வழியாக இன்டெல் கிராஃபிக்ஸையே இந்த வேலைக்கும் விட்டுவிடலாம். ஆறாம் தலைமுறை முதல் ஓடும்.

ரேம் 8 ஜிபி போதும், 16 இருந்தால் நிம்மதி. ஒரே 16 போடுவதைவிட இரண்டு 8 போடுங்கள். உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த ரேமைத்தான் கடன் வாங்குகிறது. இரண்டு பாதை கிடைத்தால் அதன் கை ஓங்கும்.

மதர்போர்டும் செகண்ட் ஹேண்ட் பெட்டியும்

சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் பொறுக்கிச் சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது சாக்கெட். இன்டெலின் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய நான்கு தலைமுறைகளுக்கும் சாக்கெட் பெயர் 1151. எச்110 போர்டில் ஐ5-8500 அழகாக உட்காரும், ஆனால் உயிர் வராது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் 300 வரிசை போர்டு வேண்டும், எச்310, பி360 போல. விற்பவர் “1151தானே சார், எல்லாம் ஒன்றுதான்” என்றால் போர்டையும் பிராசஸரையும் சேர்த்து அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அலுவலகங்கள் கழித்த டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் இந்த வேலைக்கு நல்ல தேர்வு. நன்றாக உழைப்பவை, கரண்டும் குறைவாக இழுக்கும். குறை, டிஸ்க் வைக்கும் இடம். ஒல்லியான வகையில் பெரிய டிஸ்க் ஒன்றுதான் கொள்ளும். உள்ளங்கை அளவு வகையில் லேப்டாப் டிஸ்க் மட்டும்தான். டெல்லின் பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் இணைப்பு வழக்கமான 24 முள் வகை இல்லை. எஸ்எம்பிஎஸ் போனால் தெருக்கடையில் வாங்கி மாட்ட முடியாது. டவர் வகையாகப் பார்த்து வாங்குங்கள். இடம் போதாமல் யூஎஸ்பி டிஸ்க்கில் பதிவை ஓட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். இரவில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் காலைவரை பதிவு இருக்காது.

புளூ ஐரிஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல். அதனால் அந்த மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்கு எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வழியில்லை. லினக்ஸில் ஃப்ரிகேட் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

புதிதாக வாங்குவதென்றால் இன்டெல் என்100 வைத்த சின்னப் பெட்டிகளையும் பார்க்கலாம். எட்டுக் கேமராவை அவை தாங்கும். ரேம் ஸ்லாட் ஒன்றுதான், சாட்டா துளைகளும் குறைவு, அதுதான் எல்லை. பதிவுக் கணினி அணையாமல் ஓடுவது என்பதால் கரண்ட் கணக்கும் உண்டு. 15 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 131 யூனிட், 60 வாட் என்றால் 525. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய சர்வர் ஒன்றைத் தூக்கி வருகிறவர் கடையில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் கட்டுவார்.

சாட்டா துளைகளை எண்ணும்போது மதர்போர்டின் கையேட்டையும் புரட்டுங்கள். எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் சாட்டா துளை ஒன்று செத்துவிடும் போர்டுகள் உண்டு. கையேட்டின் அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.

கேபிளும் ஸ்விட்ச்சும்

கேமராவுக்கு லேன் கேபிளிலேயே கரண்ட் தரும் பிஓஇ ஸ்விட்ச்சில் துளை எண்ணிக்கையோடு மொத்த வாட்டையும் பாருங்கள். 802.3ஏஎஃப் விதிப்படி ஒரு துளை 15.4 வாட் வரை தரும், கேமராவுக்குப் போய்ச் சேருவது 12.95. எட்டுத் துளை ஸ்விட்ச்சின் மொத்தமே 65 வாட் என்றால் எல்லாத் துளைக்கும் முழு அளவு கிடைக்காது. ஐஆர் விளக்கு எரியும் இரவில்தான் கேமரா அதிகம் இழுக்கும். பகலில் எல்லாம் ஓடி, இருட்டியதும் இரண்டு மட்டும் நின்று நின்று வந்தால் முதல் சந்தேகம் இதன் மேல். விதி எண் எதுவும் போடாமல் ‘24 வோல்ட் பிஓஇ’ என்று மட்டும் எழுதியிருக்கும் ஸ்விட்ச்கள் எதிரே இருப்பது யார் என்று கேட்காமலே கரண்ட்டை அனுப்புபவை. அவற்றைப் பொது விதிக் கேமராவோடு சேர்க்காதீர்கள்.

இரண்டாவது சந்தேகம் கேபிள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கேட்-6 சுருள்களில் பல, அலுமினியக் கம்பிக்குத் தாமிர முலாம் பூசியவை. கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். நீளம் கூடக் கூட இதில் வோல்டேஜ் இறங்கிவிடும். முழுத் தாமிரமே வாங்குங்கள், நூறு மீட்டருக்குள் நிறுத்துங்கள்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எட்டுக் கேமராவும் சேர்ந்து 32 மெகாபிட்தான். கணினிக்கு இரண்டு லேன் துளை இருப்பது வேறு காரணத்துக்காக நல்லது. ஒன்றில் கேமராக்கள், மற்றொன்றில் இன்டர்நெட். கேமராக்கள் வெளி உலகத்தைப் பார்க்காமல் பூட்டியிருக்கும். அப்படிப் பூட்டினால் அவற்றின் கடிகாரம் பிசகும். நேரம் தரும் வேலையையும் கணினிக்கே கொடுத்துவிடுங்கள். திருட்டு நடந்த நேரமும் பதிவில் தெரியும் நேரமும் அரை மணி விலகி நின்றால் போலீசிடம் விளக்கம் சொல்லி மாளாது.

எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ்

பெரிய டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். நான்கு டிஸ்க் என்றாலும் நூறு வாட்டுக்குள்தான். ஆக, 300 வாட் போதும், ஆனால் உண்மையான 300 ஆக இருக்க வேண்டும். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கினால் வேறொரு சிக்கல் முளைக்கும். அவற்றில் ஆக்டிவ் பிஎஃப்சி இருக்கும். மலிவான யூபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தருவது சைன் அலை அல்ல, சதுர அலை. இரண்டும் ஒத்துப்போகாமல் கரண்ட் போன கணமே கணினி அணைந்துவிடும் சேர்க்கைகள் உண்டு. வாங்கும் கடையிலேயே இரண்டையும் மாட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது யூபிஎஸ் மோடில் இருக்கட்டும். மற்ற மோடில் மாறும் நேரம் கணினிக்கு அதிகம். பிஓஇ ஸ்விட்ச்சும் அதே இணைப்பில் இருக்க வேண்டும். கணினி மட்டும் விழித்திருந்து கேமராக்கள் தூங்கினால் என்ன பயன்?

நீண்ட மின்வெட்டில் யூபிஎஸ்ஸும் கையை விரிக்கும். கரண்ட் திரும்பியதும் கணினி தானாக எழ, பயாஸில் ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். பழைய பெட்டியென்றால் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்திருந்தால் இந்த அமைப்பும் மறந்துபோகும். எல்லாம் பூட்டி முடித்ததும், மாட்ட வந்தவர் கிளம்புவதற்கு முன், இருட்டிய பிறகு ஐஆர் விளக்குகள் எரியும்போது மெயின் ஸ்விட்ச்சை அணைத்து, யூபிஎஸ் தீரும்வரை விட்டுவிட்டு மறுபடி போடுங்கள். யாரும் கீபோர்டைத் தொடாமல் எட்டுக் கேமராவும் பதிவுக்குத் திரும்பினால் பணத்தைக் கொடுத்து அனுப்பலாம்.